முள் யார் பக்கம்? – ஏற்காட்டுக் குறிப்புகள்

3 டிசம்பர், புதன்

பனியில் சில்வர் ஓக் மரங்களின் உச்சியே தெரியவில்லை. காப்பிப் பழம் பறிக்க 31 பேர் வந்தார்கள். இந்தத் தோட்டத்துக்கு நான் மேலாளராக வந்து ஐந்து மாதம்.

போன வாரம் சேலத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. 1924இல் சிக்காகோ பக்கம் ஹாதோர்ன் ஆலையில் தொடங்கிய ஆய்வைச் சொன்னார்கள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடியதாம், குறைத்தபோதும் கூடியதாம். 'நம்மையும் கவனிக்கிறார்கள்' என்ற நினைப்புதான் காரணமாம். அந்தக் கணக்கையே பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டதை யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஊக்கத்தோடுதான் மலையேறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் யோசனை ஓடியது.

5 டிசம்பர், வெள்ளி

'வாரத்தின் சிறந்த தொழிலாளர்' என்று போட்டோ ஒட்டினேன். சொதப்பல். அதிக எடை காட்டிய அக்காவும் அவர் நாத்தனாரும் ஒரே வரிசையில் பறித்து ஒரே சாக்கில் போடுகிறவர்கள். படத்தில் இருப்பது ஒருத்தர். இன்னொருத்தர் நாள் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அக்காவே வந்தார். "போட்டோ எதுக்குங்க சார்? தராசு முள்ள எங்க பக்கம் திருப்பி வைங்க, போதும்."

யோசித்துப் பார்த்தால், இத்தனை நாளும் முள் மேஸ்திரி பக்கம்தான் இருந்தது. அவர் சொல்வதுதான் எடை. அதிலும் சாக்கின் எடை என்று ஒரு கிலோவைக் கழித்துவிடுவார்.

8 டிசம்பர், திங்கள்

நனைந்த வெறும் சாக்கை நிறுத்தேன். 700 கிராம். தராசைத் திருப்பி மாட்டி, இனி கழிவு 700 கிராம்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கைதட்டாத குறை.

அப்புறம்தான் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தேன். 28 வருஷம் வேலை பார்த்தவர். "என்னைத் திருடன்னு சொல்லிட்டீங்க" என்றார். இலை, கல்லுக்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு கிலோவாம், பழைய முதலாளி காலத்து வழக்கம். அவரிடம் ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருக்கலாம். முப்பது பேரை மதிக்கப்போய் ஒருத்தரை மிதித்துவிட்டேன். இரவு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார், அதிகம் பேசவில்லை.

11 டிசம்பர், வியாழன்

காயும் பழமுமாகக் கலந்து வருகிறதே என்று திட்டுவதுதான் இங்கே வழக்கம். இன்று எல்லாரையும் பல்பர் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்) பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். நல்ல பழம் மூழ்கியது, சொத்தை மிதந்தது. பத்து வருஷமாகப் பறிக்கிறவர்கள்கூட இதை இப்போதுதான் பார்க்கிறார்களாம்.

அக்கா மிதவையைக் கையில் அள்ளினார். "இது ஓடைப் பக்கத்துப் பழம். அங்க நெழல் மரத்த வெட்டினதுலருந்து செடியெல்லாம் மஞ்சளா நிக்குது."

உடனே கிளம்பினோம், மேஸ்திரியும் கூட. தண்டில் வரிவரியாக மேடு: வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் விழும் இடத்தில்தான் இந்த வண்டுக்குக் கொண்டாட்டம். "ஏங்க்கா முன்னாலயே சொல்லல?" என்றேன். "யாருங்க கேட்டா?"

அக்கா காட்டக் காட்ட மேஸ்திரி 23 செடிகளில் அடையாளத்துக்குத் துணி கட்டினார். பொழுது அதிலேயே போய்விட்டது. அக்கா பறித்தது 12 கிலோதான். நோட்டில் முழு நாள் கூலி எழுதினேன்.

"எங்க, காட்டுங்க" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.