கருவிழி வரைபடத்தில் சிறுநீரகம் தெரியுமா?

கருவிழியைப் பார்த்தே உடம்பின் நோய்களைச் சொல்லிவிடலாம் என்பது ஐரிடாலஜி. அதைப் பார்ப்பவர்களிடம் ஒரு வரைபடம் இருக்கும். கருவிழியைக் கடிகார முகம்போலப் பிரித்து 12 மணியில் மூளை, 6 மணிக்குப் பக்கத்தில் சிறுநீரகம், நடுவில் இருக்கும் கண் பாப்பாவை ஒட்டிய வளையத்தில் இரைப்பை, வெளி விளிம்பில் தோல் என்று குறித்திருப்பார்கள். வலது கண் உடம்பின் வலப்பக்கத்துக்கு, இடது கண் இடப்பக்கத்துக்கு. அதனால் கல்லீரலை வலது கண்ணில் தேடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி நாட்டு மருத்துவர் ஒருவர் தொடங்கிவைத்த முறை இது.

சிக்கல் படமெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. வெளிச்சம் கூடினால் பாப்பா சுருங்கும், கருவிழியின் நார்கள் நீளும். வெளிச்சம் குறைந்தால் அவை மடிந்து நெருங்கும். ஃபிளாஷின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் புள்ளியாக ஏதாவது ஓர் உறுப்பின் கட்டத்தில் விழும். நம்மவர்களின் கரும்பழுப்புக் கண்களிலோ மெலனின் என்ற நிறமியின் அடர்த்தி நார்களையே மறைத்துவிடும்.

இதையெல்லாம் சரிசெய்து படமெடுத்தாலும் அடிப்படை உதைக்கிறது. கருவிழியின் நுண்ணமைப்பு சிறுவயதிலேயே நிலைத்துவிடும். ஆதாரில் இரண்டு கருவிழிகளையும் பதிவதே அந்த நம்பிக்கையில்தான். பின்னாளில் சிறுநீரகம் கெட்டால் அது அங்கே எப்படிப் பதியும்?

1979இல் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். 143 பேரின் கண் படங்கள், மூன்று ஐரிடாலஜி நிபுணர்கள். 48 பேருக்குச் சிறுநீரக நோய் இருப்பது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அளவால் உறுதியாகியிருந்தது. மூவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவர், நலமாக இருந்தவர்களில் 88 சதவீதம் பேரை நோயாளிகள் என்றார். வீண் பயத்தை ஒரு ரத்தப் பரிசோதனை தீர்த்துவிடும். நோயுள்ளவரை 'ஒன்றுமில்லை' என்று அனுப்புவதுதான் கொடுமை. சிறுநீரகம் வலியில்லாமலே பழுதாகும், அவரும் நிம்மதியாக மாதங்களைக் கடத்திவிடுவார்.

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறன்), சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் மூன்றையும் பாருங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், கிரியேட்டினின் ஏறும் முன்பே அல்புமின் கசியத் தொடங்கலாம்.

கண்ணில் தெரியும் நோய்க்குறிகளும் உண்டு. வெள்ளைவிழி மஞ்சளானால் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவைப் பார்க்க வேண்டும். 40 வயதுக்குள் கருவிழியைச் சுற்றிச் சாம்பல்வெள்ளை வளையம் தெரிந்தால் கொழுப்புப் பரிசோதனை. வில்சன் நோயில் செம்பு படிந்து உண்டாகும் பழுப்பு வளையம் இருப்பது கருவிழியில் அல்ல, அதன் முன்னால் உள்ள கண்ணாடி போன்ற கார்னியாவில். கண் மருத்துவரின் ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் பார்த்து உறுதிசெய்வார்கள். பாப்பா இரண்டும் திடீரென வெவ்வேறு அளவில் தெரிந்தாலோ, ஒரு கண்ணின் நிறம் மட்டும் புதிதாக மாறினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.