பென்சீனுக்காக 80 நிமிடம்

கலைக்கப்பட்ட அணுக்கருக்களின் காந்தமாக்கம் காந்தப்புலத்தின் திசையில் பழைய நிலைக்கு மீள்வதன் கால அளவுதான் டி1 தளர்வு நேரம். அதை அளப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. அதை அளக்க வேண்டுமானால், அது ஏறத்தாழ எவ்வளவு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் துறையின் 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியைக் கவனித்துக்கொள்பவன் நான். புதிதாக வரும் ஆய்வு மாணவர்கள் இதைக் கேட்டதும் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

முறை எளிதுதான். 180 பாகை ரேடியோ அலைத் துடிப்பால் காந்தமாக்கத்தைக் கவிழ்த்துவிட்டு, சிறிது நேரம் விட்டு, 90 பாகைத் துடிப்பால் எவ்வளவு மீண்டிருக்கிறது என்று பார்க்கிறோம். நிறமாலையில் தலைகீழாக இருந்த சிகரம் சுருங்கி, மறைந்து, நிமிர்ந்து எழும். அது மறையும் நேரத்தை 0.693ஆல் வகுத்தால் டி1 கிடைத்துவிடும். ஆனால் அடுத்த ஸ்கேனுக்கு முன் டி1-ஐப் போல் ஐந்து மடங்கு நேரம் சும்மா இருக்க வேண்டும். பொறுமையில்லாமல் அதைக் குறைத்தால் சிகரம் முன்னதாகவே மறையும். டி1 குறைவாக வரும். ஐயமிருந்தால் காத்திருப்பை இரட்டிப்பாக்குங்கள். மறையும் இடம் நகர்ந்தால் முதல் அளவீடு செல்லாது. மூன்று மாறிகளை வைத்து வளைகோடு பொருத்தினால் குறைந்த காத்திருப்பையும் சமாளிக்கலாம் என்பது உண்மை. அதைச் சொல்லிக்கொண்டு அவசரப்படுபவர்களைத்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

காற்று நீக்கிய பென்சீனின் புரோட்டான்களுக்கு அறை வெப்பநிலையில் டி1 20 வினாடிக்கு அருகில் வரும். இரு துடிப்புகளுக்கும் இடையே 12 வெவ்வேறு இடைவெளிகள், ஒவ்வொன்றுக்கும் 4 ஸ்கேன், 100 வினாடிக் காத்திருப்பு என்றால் காத்திருப்பதற்கே 80 நிமிடம். அதே பென்சீனைக் காற்றுப்படத் திறந்து வைத்துவிட்டு அளந்தால் டி1 சில வினாடிகளாகச் சரிந்துவிடும். கரைந்த ஆக்சிஜனின் இணையற்ற எலக்ட்ரான்கள் செய்யும் வேலை இது. ஆகவே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்பால் உறிஞ்சி, உருகவிட்டு, மறுபடியும் அதையே செய்து குழாயை மூட வேண்டும். எரிச்சலூட்டும் வேலைதான், குறுக்குவழி எதையும் நான் நம்புவதில்லை.

காந்தப்புலத்துக்குக் குறுக்கான காந்தமாக்கம் சிதைவதன் கால அளவான டி2-இன் கதை வேறு. நிறமாலைக் கோட்டின் அகலத்திலிருந்து கணக்கிட்டால் காந்தப்புலத்தின் சீரின்மையும் அதில் கலந்துவிடும். 1950இல் இயற்பியலாளர் ஹான் கண்ட சுழல் எதிரொலி (இரண்டாவது துடிப்புக்குப் பின் மீண்டும் எழும் சைகை) அதை விலக்கிக் காட்டியது. கார், பர்செல் 1954இலும், மெய்பூம், கில் 1958இலும் அதைத் தொடர் துடிப்புகளாக வளர்த்தார்கள். இன்றும் அந்தத் தொடரைத்தான் ஓட்டுகிறோம்.

வெப்பநிலை, காந்தப்புல வலிமை, காற்று நீக்கப்பட்டதா என்ற மூன்றும் இல்லாமல் வெறும் எண்களோடு வரும் அட்டவணையை நான் படிக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.