கரையொதுங்கியவற்றோடு ஒரு தொழில்

கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, கடற்கரையில் ஒதுங்கும் பொருட்களைக் கொண்டு கலைப்பொருட்கள் செய்வதையே முழுநேரத் தொழிலாக ஏற்றுக்கொண்டவன் நான். மனதுக்குப் பிடித்ததைச் செய்பவன் கொடுத்துவைத்தவன் என்று சொல்பவர்கள், நாள் முழுவதும் நான் கற்பனையில் திளைத்திருப்பதாக எண்ணுகிறார்கள். உண்மையில் என் வேலையின் பெரும்பகுதி கழுவுவதும் காயவைப்பதும் தரம் பிரிப்பதும்தான்.

பொறுக்குவதற்கும் காலம் பார்க்க வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட மேலேறி, வழக்கத்தைவிடக் கீழே வடிகிறது. புயல் ஓய்ந்த பின் வரும் அத்தகைய நாட்களில்தான் கரை நிறைந்திருக்கும். சிப்பி, சங்கு ஆகியவற்றில் எனக்குக் கை நீளுவதில்லை. காலியான சங்கு துறவி நண்டுக்கு வீடு. பவளப்பாறைத் துண்டுகளை நாடு விட்டு நாடு கொண்டுசெல்லப் பன்னாட்டு ஒப்பந்தக் கட்டுப்பாடும் இருக்கிறது.

மரக்கட்டைதான் அதிகப் பொறுமையைக் கேட்கிறது. கப்பல் புழு என்று பெயர் பெற்றிருந்தாலும் உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர் குடைந்த துளைகள், எந்த உளியாலும் செதுக்க முடியாத அழகுடையவை. ஆனால் கட்டைக்குள் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், அதில் அடித்த இரும்பு ஆணி விரைவில் துருப்பிடிக்கும். எனவே நன்னீரில் ஊறப்போட்டு, நீரைப் பலமுறை மாற்றி, பிறகு நிழலில் மெல்ல உலர்த்துகிறேன். வெயிலில் அவசரப்படுத்தினால் மரம் வெடித்துவிடும்.

கண்ணாடித் துண்டுகளை நான் மெருகேற்றுவதே இல்லை. உடைந்த புட்டியொன்று மணலிலும் கல்லிலும் பல பத்தாண்டுகள் உருண்டு கூர்மழுங்குகிறது. அதே காலத்தில் கடல்நீர் அதன் மேற்பரப்பிலுள்ள சோடா, சுண்ணாம்புப் பொருட்களை அரித்து எடுப்பதால், பனி படர்ந்தாற்போன்ற மங்கல் உண்டாகிறது. அந்த மங்கலுக்காகத்தான் அதைக் குனிந்து எடுக்கிறோம். வைர முனையால், நீருக்கடியில் வைத்து நிதானமாகத் துளையிடுவதோடு என் தலையீடு முடிந்துவிடுகிறது.

"சும்மா கிடந்ததுதானே, இவ்வளவு விலையா?" என்று வாங்க வருபவர்கள் கேட்பதுண்டு. பழைய தொழில் இங்கே கைகொடுக்கிறது: ஊறவைத்தது முதல் கோத்து முடித்தது வரை, ஒவ்வொரு படைப்புக்கும் கை உழைத்த நேரத்தைக் குறிப்பேட்டில் பதிந்து வைக்கிறேன். பொருளுக்கு விலை இல்லை, நேரத்துக்குத்தான் என்று அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் பெரும்பாலும் பேரம் நின்றுவிடும்.

என்னால் தீர்த்துவைக்க முடியாத சங்கடம் நெகிழியில் இருக்கிறது. 1992 ஜனவரியில் வட பசிபிக்கில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து விழுந்த பெட்டகம் சுமார் 28,800 குளியல் பொம்மைகளைக் கடலில் விட்டது. மஞ்சள் வாத்துகளும் நீல ஆமைகளும் எங்கெங்கு ஒதுங்கின என்பதை வைத்துக் கடலியலாளர்கள் நீரோட்டங்களையே ஆராய்ந்தார்கள். 1997 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் கடலில் விழுந்த ஏறக்குறைய 48 லட்சம் லெகோ பொம்மைத் துண்டுகள் இன்றும் அப்பகுதியான கார்ன்வாலின் கரைகளில் கிடைத்துவருகின்றன. அவற்றில் குட்டி ஆக்டோபஸ்களும் உண்டு. இத்தகைய பொருட்களின் நிறம் கண்ணைப் பறிக்கிறது, படைப்பும் எளிதில் விற்றுவிடுகிறது. குப்பையை இவ்வளவு அழகாக்கிவிட்டால் அது குப்பை என்பதே பார்ப்பவருக்கு மறந்துபோகாதா என்பதுதான் என் தயக்கம். ஆகவே நெகிழித் துண்டுகளை நிறவாரியாக அடுக்கி மீனும் பறவையும் ஆக்குவதைத் தவிர்த்து, கயிறு கயிறாகவும் மூடி மூடியாகவும் தெரியும்படியே கோக்கிறேன். சூரியனின் புற ஊதாக் கதிர்பட்டு நொறுங்கும் நிலைக்கு வந்த துண்டுகளை எந்தப் படைப்பிலும் சேர்ப்பதில்லை. வாங்கியவர் வீட்டிலும் அவை தூளாக உதிர்ந்துகொண்டிருக்கும் என்பதால், நேராகக் குப்பைத் தொட்டிக்கே அனுப்புகிறேன்.