இன்னும் செய்யப்படாத கருவிகள்: ஒரு கத்திரி வெயில் நாட்குறிப்பு

மே 4, 2026, திங்கள்

கத்திரி இன்று தொடங்குகிறது என்று நாட்காட்டி சொல்கிறது. மதுரை சிம்மக்கல்லில் இருக்கும் என் பட்டறையின் தகரக் கூரைக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை. மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் மோட்டார்களுக்குக் காயில் (செப்புக்கம்பிச் சுருள்) கட்டிப் பிழைக்கிறவன் நான். மாலையில் கடையை அடைத்த பிறகு, இன்னும் யாரும் செய்து விற்காத வீட்டுக் கருவிகளைப் பற்றி இங்கே எழுதலாம் என்றிருக்கிறேன். எதை வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம். ஆனால் கற்பனையில் வரும் கருவியிடமும் தொழில்முறையில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவேன். அது கக்கும் சூடு எங்கே போகிறது? அது நின்றுபோனால் யார் கழற்றுவது?

முதல் கருவி மொட்டைமாடிக்கு. மதுரையில் கோடையின் கொடுமை பகலைவிட இரவில்தான் அதிகம் தெரியும். நாள் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட கான்கிரீட் தளம், நாம் படுத்த பிறகு அதைக் கீழே இறக்கத் தொடங்குகிறது. ஏ.சி. அந்தச் சூட்டை ஒழிப்பதில்லை. தன் கம்ப்ரசரின் சூட்டையும் சேர்த்துத் தெருவில் தள்ளுகிறது, ஏ.சி. வாங்க வசதியில்லாத எதிர்வீட்டு ஜன்னல் அதை ஏற்றுக்கொள்கிறது. தெருவில் கொட்டாமல் வானத்துக்கே சூட்டை அனுப்ப வழி உண்டு. எல்லாப் பொருள்களும் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளிவிடுகின்றன. அக்கதிர்களில் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை அலைநீளம் கொண்டவற்றைக் காற்று மண்டலம் பெரிதாகத் தடுப்பதில்லை. 2014ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமனும் அவருடைய குழுவினரும், அந்த இடைவெளி வழியாக வெப்பத்தை வெளியேற்றி, நேர் வெயிலில் கிடந்தபோதும் சுற்றியுள்ள காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்த படலம் ஒன்றைச் செய்து காட்டினார்கள். 2021இல் பர்டூ பல்கலைக்கழகத்தினர் பேரியம் சல்பேட்டைக் கொண்டு, மேலே விழும் வெயிலில் 98.1 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை உருவாக்கினார்கள்.

நான் எண்ணிப் பார்ப்பது தட்டோட்டின் அளவில் ஓர் ஓடு. மேலே அந்தப் படலம், அடியில் மெல்லிய குழாய். குழாயில் ஓடும் நீர் இரவில் குளிர்ந்து, கீழே படுக்கையறைச் சுவருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் மாடிக்கு ஏறும். மின்சாரம் ஒரு சிறு பம்புக்கு மட்டும் போதும். புழுக்கமான இரவுகளில் காற்றிலுள்ள நீராவி வெப்பத்தை மறித்துக்கொள்வதால் குளிர்ச்சி குறையும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதைவிடப் பெரிய சோதனை, வடகம் காயவைக்கவும் துணி உலர்த்தவும் அந்த ஓட்டின் மேல் நாள்தோறும் நடக்கப்போகிறவர்களின் பாதங்களும் வைகைப் பக்கத்துப் புழுதியும்தான். விளக்குமாற்றால் பெருக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் தேயாத படலமாக அது இருக்க வேண்டும். கோடையில் சூட்டை வெளியேற்றிக் குளிர்காலத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் கூரைகளைப் பற்றியும் வெளிநாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. மார்கழியிலும் விசிறி போட்டுத் தூங்கும் ஊருக்கு அதில் பாதி வீண் செலவு.

மே 6, புதன்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர் மேசை விசிறியைக் கொடுக்க வந்தார். “போட்டோ அனுப்புற மாதிரி மல்லி வாசத்தையும் போன்ல அனுப்ப வழி வருமா அண்ணே?” என்று கேட்டார்.

கண்ணை ஏய்ப்பது எளிது. நிறமறியும் செல்கள் அதில் மூன்று வகையே இருப்பதால், திரையில் மூன்று நிறப் புள்ளிகளைக் கலந்தே உலகத்தின் வண்ணங்களைக் காட்டிவிடுகிறார்கள். மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. ஆகவே மூன்று குப்பிகளைக் கலந்து எல்லா மணங்களையும் உண்டாக்கிவிட முடியாது. மல்லிகையின் மணத்திலேயே பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் என்று பல சேர்மங்கள் கலந்துள்ளன. அவற்றுள் இண்டோல், செறிவு மிகுந்தால் மலம் நாறுவதுபோல நாறும். அளவு கொஞ்சம் தவறிய போன் என்ன செய்யும் என்பதை அவரிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆனால் 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு வேண்டியது வாசத்தைத் தூது விடும் கருவி அன்று என்பது என் கருத்து. விடியலில் பறித்த மொட்டு அன்று இரவே மலர்ந்துவிடுகிறது. மலர்ந்தால் விலை போய்விடுகிறது. கூடையின் அடியிலேயே பொருந்திக்கொண்டு, மொட்டு விடும் ஆவியை நுகர்ந்து, மலர இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதைச் சொல்லி, அதற்கேற்பக் குளிரைக் கூட்டிக் குறைக்கும் ஒரு தட்டு வந்தால் நான் முதல் ஆளாகப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்வேன்.

மே 10, ஞாயிறு

காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் பெட்டியைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு அது இயல்பே. ஆகவே ஞாயிற்றுக்கிழமையைக் கணக்குப் போடுவதில் கழித்தேன்.

வெப்பம் 30 டிகிரியும் ஈரப்பதம் 50 விழுக்காடும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 15 கிராம் நீர் இருக்கிறது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் பத்தடியான அறையில் அரை லிட்டருக்கும் குறைவு. 15 லிட்டர் குடம் ஒன்று நிறைய, அப்படிப்பட்ட 35 அறைகளின் காற்றை ஒரு சொட்டு விடாமல் பிழிய வேண்டும். அத்துடன், பெட்டிக்குள் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் உறிஞ்சு பொருளிலிருந்து ஒரு லிட்டர் நீரை மீண்டும் ஆவியாக்கி வெளியே எடுக்க, மிகக் குறைந்த அளவாக முக்கால் யூனிட்டை ஒட்டிய வெப்பம் தேவை. குடத்துக்குப் பத்து யூனிட். தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் ஐந்தாறு யூனிட்தான். எதுவுமே வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு குடத்துக்கு இரண்டு சதுர மீட்டர் மாடி வேண்டும். எல்லாக் கருவியிலும் பாதியாவது வீணாகும் என்பதைக் காயில் கட்டுகிறவன் அறிவான்.

இருந்தும் இதை வெறும் கனவென்று தள்ளமாட்டேன். உலோக அணுக்களையும் கரிமச் சேர்மங்களையும் கோத்துக் கட்டிய, உள்ளெல்லாம் நுண்துளைகளான சட்டகப் பொருள்களுக்காகச் சுசுமு கிட்டாகவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் சென்ற ஆண்டு, 2025இல், வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரப்பதம் 20 விழுக்காடே உள்ள வறண்ட காற்றிலிருந்தும் வெயிலின் சூட்டை மட்டும் கொண்டு நீர் எடுக்க முடியும் என்பதை, யாகியின் குழுவும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் 2017இலேயே காட்டியிருந்தார்கள். இரவில் திறந்திருந்து ஈரத்தை உறிஞ்சி, பகலில் மூடி வெயிலில் நீரை விடும் பலகை. மாடியில் மூன்று கட்டில் அளவுக்குப் போட்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் குடிநீருக்கு ஆகும். குளிக்கவும் துவைக்கவும் இது ஒருநாளும் ஆகாது. அதற்குக் கண்மாயும் மழையும்தான் வழி. எனவே காற்றுத் தண்ணீரைக் காட்டிக் கண்மாயை மனை போட்டு விற்கிறவர்கள் வருவார்கள் என்பதையும் இப்போதே கற்பனை செய்து வைக்கிறேன்.

மே 13, புதன்

முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் ஒரு கேமரா. நாம் தலை சீவும் நேரத்தில் அது விழித்திரையைப் படம் எடுத்து, சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டுவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊரில் இதை எண்ணாமல் இருக்க முடியாது. விழித்திரைப் படத்தில் சர்க்கரைப் பாதிப்பைக் கண்டறிய ஒரு கணினி நிரலைப் பழக்க முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். அதே வகைப் படத்திலிருந்து ஒருவரின் வயதையும் இரத்த அழுத்தத்தையும்கூடக் கணிக்கலாம் என்று 2018இல் மற்றோர் ஆய்வு வந்தது. எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது செய்தி. கண்ணில் இத்தனை எழுதியிருக்குமானால், காப்பீட்டு நிறுவனமும் கண்ணாடியின் பின்னால் வந்து நிற்கும்.

ஆகையால் என் கண்ணாடிக்கு இணைய இணைப்பு கிடையாது. “கண் டாக்டரைப் பாருங்கள்” என்று ஒரு வரி காட்டும், அவ்வளவே. ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்புக்கறை லென்ஸில் படியும் என்பதால், அந்தப் பகுதியை மட்டும் திருகிக் கழற்றித் துடைக்கும்படி செய்ய வேண்டும்.

மே 17, ஞாயிறு

எதிர்கால வீட்டைப் பற்றிய படங்களில் பேசும் ஃபிரிட்ஜ் வருகிறது, துணி மடிக்கும் இயந்திரம் வருகிறது. வீட்டுக்கு வெளியே தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடி மட்டும் வருவதே இல்லை. மனிதக் கழிவை மனிதரைக் கொண்டு அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்த பிறகும் குழிக்குள் ஆட்கள் இறங்கி இறக்கிறார்கள். கேரள இளைஞர்கள் உருவாக்கிய பேண்டிகூட் என்ற இயந்திரம் 2018இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. குழிக்குள் கால்களை ஊன்றி நின்று கசடை அள்ளி மேலே அனுப்பும்.

நான் விரும்புவது அதற்கும் முந்தைய கட்டத்தில், அடைப்பு ஏற்படாமலே பார்த்துக்கொள்ளும் கருவி. குழாய்க்குள்ளேயே அட்டையைப் போல ஊர்ந்து, படியத் தொடங்கும் கசடை அன்றன்றைக்கே கரைத்து விட வேண்டும். உள்ளே மீத்தேன் இருக்கும் என்பதால் ஒரு தீப்பொறியும் கூடாது. ஓடும்போது பொறி தெறிக்கும் தூரிகை (கார்பன் பிரஷ்) உள்ள மோட்டார் அங்கே உதவாது, மின்கலம் முழுவதும் அடைத்து மூடப்பட்டிருக்க வேண்டும். மூடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடை அளக்கும் உணரி வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு, அளவு கூடும்போது முகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குகிறவருக்கு அதுவே முடிவாகிறது. இந்தக் கருவியை மட்டும் என் பட்டறையில் யாரும் கழற்றாமல், கழுவிக் கிருமி நீக்கும் வசதியுள்ள தனிக்கூடத்தில்தான் பழுது பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

மே 21, வியாழன்

இன்று வந்தவற்றில் பாதி பி.எல்.டி.சி. விசிறிகள், அதாவது மின்னணு போர்டு சுழற்றும் தூரிகையில்லா மோட்டார் கொண்டவை. பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இவை 30 வாட்டில் ஓடுகின்றன. நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் மாதம் இருபது யூனிட் மிச்சம். நல்ல பொருள்தான். ஆனால் பழைய விசிறி நின்றால் 2.5 மைக்ரோஃபாரட் கன்டென்சர் ஒன்றை மாற்றினால் ஓடிவிடும். இதில் போர்டு முழுவதையும் பிசின் ஊற்றி அடைத்துவிடுகிறார்கள், ஒரு சிறு பாகம் கருகினாலும் முழுப் போர்டையும் வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்த தலைமுறை விசிறியின் போர்டை மூன்று துண்டாக, கிளிப்பில் கோத்துக் கழற்றும்படி வரைந்து பார்த்தேன்: மின்சாரம் வாங்கும் பகுதி, மோட்டாரைச் சுழற்றும் பகுதி, ரிமோட்டைக் கேட்கும் பகுதி. எது கெட்டதோ அதன் மேல் சிவப்பு விளக்கு எரியும். சில மின்கருவிகள் எவ்வளவு எளிதில் பழுது பார்க்கத் தக்கவை என்று பத்துக்கு மதிப்பெண் இட்டு, அதை விற்கும் இடத்திலேயே காட்ட வேண்டும் என்ற விதி பிரான்ஸில் 2021இல் நடைமுறைக்கு வந்தது. இங்கேயும் பெட்டியின் மேல் தமிழில் அந்த எண் இருந்தால், வாங்குகிறவர்கள் மின்சிக்கன நட்சத்திரத்தைப் பார்ப்பதுபோல அதையும் பார்ப்பார்கள்.

பட்டறையில் தொழில் பழகும் பையன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, கரண்ட் போயிட்டுத் திரும்பி வர்றப்பதான எல்லாம் எரியுது, முதல் துண்டையே ரெண்டாப் பிரிச்சுடலாம்ல?” என்றான். சரியான யோசனை. ஏற்ற இறக்க மின்னழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு எரிந்துபோவதற்கென்றே ஒரு சிறு துண்டு முன்னால் இருக்கட்டும், மற்றவை தப்பித்துவிடும். அந்தத் துண்டு சாதாரண ஃபியூஸ் போலப் பெட்டிக்கடையிலும் கிடைக்க வேண்டும், ஸ்டூலில் ஏறி வீட்டுக்காரரே மாற்றிக்கொள்ளும்படி.