போர்னியோவில் அடித்த பந்துகள்

கடந்த சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோல்ஃப் பயிற்சித் திடலுக்குப் போய் வருகிறேன். ஒரு கூடைக்கு 50 பந்துகள் தருகிறார்கள். முதல் கூடை தீரும் முன்பே இடது உள்ளங்கையில், சுண்டுவிரலின் அடியில், கையுறைக்குள் தோல் சிவந்துவிடுகிறது. இரண்டாம் கூடையின் பாதியில் அது கொப்புளமாகிவிடுகிறது. அதற்கு மேலும் அடித்தால் வலிக்குப் பயந்து கை தானாகவே பிடியைத் தளர்த்துகிறது. மட்டையின் முகம் திரும்பி, பந்து வலப்பக்கமாக ஓடி வேலியில் மோதுகிறது. பொழுது சாயும் வரை நின்று இதையே வாழ்நாள் வேலையாகச் செய்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் உறுதியாயிற்று. அவர் விஜய் சிங், பிஜித் தீவுக்காரர்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு கணக்கைத் தவறாமல் சொல்வார்கள். அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் அவர் வென்ற 34 போட்டிகளில் 22 போட்டிகள், அவருக்கு நாற்பது வயது நிறைந்த பிறகு வென்றவை. நாற்பதைத் தாண்டி 17 வெற்றிகள் என்று சாம் ஸ்னீட் விட்டுச்சென்ற சாதனை பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. 2007 ஜனவரியில் ஹவாயின் கபலுவாவில் மெர்சிடிஸ்-பென்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்றபோது விஜய் அதைக் கடந்தார். இதை வயது கடந்தபின் நிகழ்ந்த அதிசயமாகவே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வெற்றிகளின் வேர் அவருடைய இருபதுகளில், போர்னியோவின் காட்டோர ஊர் ஒன்றில், பார்ப்பதற்கு ஆளே இல்லாத ஒரு திடலில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று, பிஜியின் சர்க்கரை நகரமான லௌடோகாவில் விஜய் பிறந்தார். கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்த சமூகம் அவருடையது. வளர்ந்தது நாடியில், அங்குள்ள சிவசுப்பிரமணியர் கோயிலின் வண்ணக் கோபுரத்தைப் படத்திலாவது பார்த்த தமிழர்கள் பலர் இருப்பார்கள். தந்தை விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர்; கோல்ஃபும் ஆடுவார், பிறருக்கும் சொல்லிக்கொடுப்பார். பந்து வாங்க வசதியில்லாமல் சிறுவயதில் தேங்காய்களை வைத்து ஆடியதாக விஜய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்க வீரர் டாம் வைஸ்காஃப் மட்டையைச் சுழற்றும் முறையைப் பத்திரிகைப் படங்களில் பார்த்து, அந்த அசையாத படங்களைத் தன் உடம்பில் அசைவாக மாற்றிக்கொள்ள முயன்றதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பெரும் பாடம். பயிற்சியாளர் இல்லாதவனுக்கு ஒரே வழி, சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பதுதான். அந்தப் பழக்கம் அவரைவிட்டு நீங்கவேயில்லை.

1982-இல் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1984-இல் மலேசிய பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார். அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் எல்லாம் தலைகீழானது.

அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோல்ஃபில் ஓர் ஆட்டக்காரரின் அடிகளை, உடன் ஆடும் ஒருவர் அட்டையில் குறிப்பார். சுற்று முடிந்ததும் ஒவ்வொரு குழிக்கும் உரிய எண்ணைச் சரிபார்த்து ஆட்டக்காரர் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இந்த விளையாட்டின் நேர்மை முழுவதும் அந்தச் சிறு அட்டையில் இருக்கிறது; உண்மையில் அடித்ததைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்திட்டால் தகுதிநீக்கம்தான். மற்றொன்று, இரண்டு சுற்றுகள் முடிந்ததும் வைக்கப்படும் கட் என்ற எல்லைக்கோடு; கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவரே முன்னே இருப்பார். அந்தக் கோட்டுக்குள் வந்தவர்கள் மட்டுமே வாரக்கடைசியில் ஆடுவார்கள். வெளியே நிற்பவர் விமானக் கட்டணம், தங்கும் செலவு எல்லாவற்றையும் தன் பையிலிருந்தே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். 1985-ஆம் ஆண்டு இந்தோனேசிய ஓபனில், கட்டைத் தாண்டுவதற்காக அட்டையில் ஓர் அடியைக் குறைத்தார் என்பது விஜய் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. ஆசிய டூரிலிருந்து அவர் நீக்கப்பட்டார். அது ஒரு தவறான புரிதல் என்றே அவர் அன்றும் பிறகும் சொல்லிவந்தார். அதற்குமேல் அதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால், 22 வயதில் அந்தப் பெயரோடு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் அதன்பிறகு என்ன செய்தார் என்பதைச் சொல்ல முடியும்.

அவர் மலேசியப் போர்னியோவுக்குப் போனார். சபாவில் மரத்தொழிலை நம்பியிருந்த கெனிங்காவ் ஊரின் கிளப்பிலும், பிறகு சரவாக்கில் எண்ணெய் நகரமான மிரியிலும் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். சர்வதேசப் போட்டிகளின் வரைபடத்தில் அந்த ஊர்களுக்கு இடமே கிடையாது. பாடம் நடத்தி முடித்த நேரமெல்லாம் வெயிலிலும் மழைக்காட்டின் புழுக்கத்திலும் தனக்காகப் பந்துகளை அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பந்துகளை எண்ணுவதற்கு அட்டையும் இல்லை, அட்டையை எழுத ஆளும் இல்லை. போட்டியே இல்லாத ஒருவர் நாள் முழுவதும் பயிற்சி செய்வதற்கு எப்படிப்பட்ட நெஞ்சுரம் வேண்டும் என்பதை, இரண்டு கூடைக்கே கை ஓய்ந்துபோகிற நான் நினைத்துப் பார்க்கிறேன். அடுத்த போட்டிக்காக உழைப்பதை எவரும் புரிந்துகொள்ளலாம். அடுத்த போட்டி என்று ஒன்று வருமா என்பதே தெரியாமல் உழைப்பது வேறு வகை.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மீண்டும் கிளம்பினார். ஐரோப்பிய டூருக்கான தகுதிச் சுற்றில் முதல்முறை தோற்றார். செலவுக்காக எடின்பரோவில் இரவு விடுதியின் வாசலில் காவலுக்கு நின்றார். ஆப்பிரிக்காவுக்குப் போய் 1988-இல் நைஜீரிய ஓபனை வென்றார். அதே ஆண்டில் ஐரோப்பியத் தகுதியையும் பெற்றார். 1989-இல் இத்தாலியில் தன் முதல் ஐரோப்பிய டூர் வெற்றி. ஸ்பெயின், ஜெர்மனி என்று வெற்றிகள் தொடர்ந்தன. 1993-இல் அமெரிக்காவுக்கு வந்து வெஸ்ட்செஸ்டரில் ப்யூக் கிளாசிக்கை, சமநிலையை உடைப்பதற்கான கூடுதல் ஆட்டமான பிளே-ஆஃபில் வென்றபோது அவருக்கு வயது 30. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவருக்கே. புதுமுகம் என்ற அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம், அதற்குள் அவர் கடந்துவந்திருந்த கண்டங்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

புளோரிடாவில் சாக்ராஸ் திடலின் அருகே வீடு அமைத்துக்கொண்ட பிறகு, அங்குள்ள பயிற்சிப் புல்வெளியின் ஒரு மூலை அவருடைய இடமாகவே ஆகிவிட்டது. போட்டி இல்லாத வாரங்களிலும் அவரை அங்கே பார்க்கலாம் என்பார்கள். அவர் அடிக்கும் பழைய காட்சிகளைப் பலமுறை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். ஆறடி இரண்டங்குல உயரம். மட்டை பின்னே போவதில் அவசரமே இருக்காது; தோள்கள் முழுதாகத் திரும்பி முடிந்த பிறகுதான் இடுப்பு இறங்கத் தொடங்கும். பந்தைத் தொட்டு மட்டை முன்னேறும்போது, வலது கையின் விரல்கள் பிடியைவிட்டு ஏறக்குறைய முழுதாகத் திறந்துகொள்ளும். வேறு எந்தப் பெரிய வீரரிடமும் இவ்வளவு தெளிவாக நான் அதைப் பார்த்ததில்லை. பார்க்கிறவருக்கு மட்டை நழுவிவிடுமோ என்று தோன்றும், நழுவாது. வலது கை மட்டையைத் தள்ளாமல், உடம்பின் சுழற்சியோடு கூடவே போவதால் வருகிற விளைவு அது. யாரும் கற்றுக்கொடுத்து வருகிற அசைவு அல்ல. பல லட்சம் முறை அடித்தவரின் உடம்பு தானே கண்டுபிடித்துக்கொள்கிற அசைவு.

நான்கு பெரும் போட்டிகளான மேஜர்களில் அவர் மூன்று பட்டங்களை வென்றார். முதலாவது 1998-இல் சஹாலியில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப். அடுத்தது 2000-ஆம் ஆண்டின் மாஸ்டர்ஸ். குளிரும் காற்றும் மிகுந்த அந்த வாரத்தில் எர்னி எல்ஸைவிட மூன்று அடிகள் குறைவாக எடுத்து, வென்றவருக்கு உரிய பச்சை அங்கியை அணிந்தார். அந்த வாரம் அவருடைய பையில் சிறுவயது மகன் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: அப்பா, உங்கள் ஸ்விங்கை நம்புங்கள் என்பதே அதிலிருந்த செய்தி. தந்தை அந்த ஸ்விங்குக்காக எத்தனை மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே நின்றிருக்கிறார் என்பதை அந்தப் பிள்ளையைவிட நன்றாக அறிந்தவர் யார்?

மூன்றாவது, 2004-இல் விஸ்கான்சினின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸில் வென்ற பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப். என் மனத்துக்கு மிக நெருக்கமான வெற்றி இதுதான். கடைசி நாளில் அவர் நன்றாக ஆடவில்லை. 18 குழிகளில் ஒரு பெர்டிகூட இல்லை, அதாவது எந்தக் குழியையும் அதற்கு உரிய அடிகளைவிட ஓர் அடி குறைவாக முடிக்கவில்லை. 76 அடிகள் ஆயின. பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்ற எவரும் கடைசிச் சுற்றில் அவ்வளவு அடிகள் எடுத்ததில்லை. ஆனாலும் ஜஸ்டின் லியோனார்ட், கிறிஸ் டிமார்கோ ஆகியோரோடு சமநிலையில் நின்று, மூன்று குழிகள் கொண்ட பிளே-ஆஃபுக்குப் போனார். அதன் முதல் குழியில் வந்தது அந்த நாளின் ஒரே பெர்டி. பட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. நாள் முழுவதும் கைகொடுக்காத ஆட்டத்தின் மீது நம்பிக்கை இழக்காமல், வேண்டிய ஒரு நொடியில் அதை மீட்டெடுத்ததை வெறும் அதிர்ஷ்டம் என்று என்னால் எண்ண முடியவில்லை. ஒன்றும் கைகூடாத நாள்களில் அடித்துக்கொண்டே இருப்பது எப்படி என்பதை அவர் கெனிங்காவிலும் மிரியிலும் கற்றிருந்தார்.

அந்த ஆண்டில் மட்டும் ஒன்பது வெற்றிகள். செப்டம்பர் 6 அன்று பாஸ்டன் அருகே டாய்ச்சு வங்கி சாம்பியன்ஷிப்பில், கடைசிச் சுற்றில் டைகர் வுட்ஸுடன் ஒரே இணையாக நடந்து, அவரையும் ஆடம் ஸ்காட்டையும் மூன்று அடிகள் வித்தியாசத்தில் வென்றார். 264 வாரங்கள் தொடர்ந்து உலகத் தரவரிசையின் உச்சியில் இருந்த டைகர் அன்று கீழே இறங்கினார்; 41 வயதான விஜய் முதலிடத்துக்கு வந்தார். ஒரே பருவத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் பரிசுத்தொகை ஈட்டிய முதல் பி.ஜி.ஏ. டூர் வீரரும் அவரே. 2008-இல், 45 வயதில், டூரின் பருவ சாம்பியனுக்கான ஃபெடெக்ஸ் கோப்பையையும் வென்றார்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் என்னால் ஏற்க முடியாது. 2003-இல் வீராங்கனை அனிகா சோரன்ஸ்டாம் ஆண்களுக்கான கலோனியல் போட்டியில் ஆட அழைக்கப்பட்டபோது, அவர் கட்டைத் தாண்டக்கூடாது என்று தான் விரும்புவதாக விஜய் சொன்னார். அது தவறு, போட்டிக்கு வெளியே நிறுத்தப்படுவதன் வலியை அறிந்த ஒருவரிடமிருந்து அது வந்திருக்கவே கூடாது. 2013-இல் மான்கொம்பு ஸ்ப்ரே ஒன்றைப் பயன்படுத்தியதாக அவரே சொன்னது மற்றொரு சர்ச்சையானது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அந்த ஸ்ப்ரேயைத் தடைசெய்யப்பட்டதாகக் கருதவில்லை என்று தெரிந்ததும் டூர் நடவடிக்கையைக் கைவிட்டது. விஜய் தொடுத்த வழக்கு 2018-இல் சமரசத்தில் முடிந்தது. பத்திரிகையாளர்களிடம் அவர் மனம்விட்டுப் பேசியது குறைவு. ஜகார்த்தா பற்றிய கேள்வி எங்கே போனாலும் பின்தொடர்ந்த ஒருவர் பயிற்சித் திடலின் மௌனத்தை விரும்பியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

இந்த நீண்ட பயணத்தில் பெரிதாகப் பேசப்படாத ஒரு வெற்றியையும் சொல்ல வேண்டும். 2001 பிப்ரவரியில் அவர் மலேசிய ஓபனில் ஆட வந்து, பாட்ரிக் ஹாரிங்டனை பிளே-ஆஃபில் வென்று பட்டத்தைப் பெற்றார். அப்போது அவர் மாஸ்டர்ஸ் சாம்பியன். அதே நாட்டில், கடலுக்கு அப்பால் கிழக்கே, மரத்தொழிலாளர்களின் ஊரில் பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்து பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

55 வயதில், 2018-இல், சிகாகோ அருகே எக்ஸ்மூரில் மூத்தோருக்கான பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை ஜெஃப் மேகர்ட்டுடனான பிளே-ஆஃபில் வென்றார். மாஸ்டர்ஸை வென்றவர்களுக்கு அந்தப் போட்டியில் ஆட வாழ்நாள் முழுவதும் அழைப்பு உண்டு. வயதான சாம்பியன்கள் பெரும்பாலும் இரண்டு நாள் ஆடி, கையசைத்துவிட்டுப் போவார்கள். 2024 ஏப்ரலில், மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில், மணலை வாரி முகத்தில் அடித்த காற்றில் இளம் வீரர்களே தடுமாறிய இரண்டாம் நாளின் முடிவில், திடலுக்கு உரிய அடிகளைவிட ஆறு அடிகள் கூடுதல் என்ற இடத்தில் கட் விழுந்தது. 61 வயதான விஜய் சிங் தன் அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கட்டைத் தாண்டியிருந்தார். சனிக்கிழமையும் ஆட வேண்டியிருந்தது.