டிசிபிடம்ப் ஓடினால் மட்டும் வரும் நெட்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கரண்டை நம்பி எந்த வேலையும் வைத்துக்கொள்ள முடியாது. தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் கிளை ஒன்று ஒடிந்து கம்பியில் விழுந்தால் அரை நாள் போச்சு. இன்வெர்ட்டர் பேட்டரி தாங்கட்டும் என்று, கரண்ட் போனதும் கம்ப்யூட்டரை சஸ்பெண்டில், அதாவது தூக்கத்தில், போட்டுவிடுவேன். திரும்ப எழுப்பினால் மற்றதெல்லாம் வரும், நெட் மட்டும் வராது.

வீடு பழைய கருங்கல் கட்டடம். வைஃபை ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். அதனால் வயர்தான். பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கிய நெட்வொர்க் கார்டு, அதை இயக்கும் புரோகிராமான லினக்ஸ் டிரைவர் தனி ஜிப் ஃபைலாகக் கிடைத்தது.

முதல் இரண்டு வாரம் மோடத்தைத்தான் திட்டினேன். கரண்ட் போனால் அதுவும்தானே அணைகிறது. கேபிள்காரத் தம்பி மழையில் நனைந்தபடி இரண்டு தடவை மேட்டில் ஏறி வந்தார். “சார், எங்க சைடுல லைட்டு எல்லாம் சரியா எரியுது” என்று சொல்லியும் நான் விடாததால் மோடத்தையே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருநாள் கரண்ட் இருக்கும்போதே சஸ்பெண்டில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன். அப்போதும் நெட் இல்லை. சரி, குற்றவாளி நம் மேஜைமேலேயே இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

லிங்க் லைட் எரிகிறது, ஐபி முகவரி இருக்கிறது, லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் ஒரு எரர்கூட இல்லை. இன்டர்ஃபேஸை, அதாவது கார்டின் இணைப்பை, இறக்கி ஏற்றினால் பலனில்லை. டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினால் உடனே வந்துவிடுகிறது.

கெர்னலில் பிஎம் டெஸ்ட் என்று ஒரு வசதி உண்டு. உண்மையில் தூங்காமல், தூங்கப்போகும் வேலையைப் பாதிவரை செய்து, 5 விநாடி நின்று, வந்த வழியே திரும்பும். எந்தப் படியில் உடைகிறது என்று பார்க்கத்தான் அது. ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம் என மூன்று படியிலும் நெட் பத்திரமாகத் திரும்பி வந்தது. எஸ்2ஐடில் என்ற மேலோட்டமான தூக்கத்திலும் வந்தது. போர்டே கரண்டை நிறுத்தும் ஆழ்ந்த தூக்கத்தில் மட்டும் போனது. ஆக, கார்டுக்கு மின்சாரம் அறுபடும்போது எதையோ மறக்கிறது.

கோவையில் இருக்கும் நண்பனிடம் போனில் புலம்பினேன். “வேக் ஆன் லேனை ஆன் பண்ணிப் பாருடா” என்றான். தூங்கும் கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதி அது. பண்ணினேன், வேலை செய்தது! ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் சரியான ஒன்று எனக்குச் சரியானதாகவே படாது. மறுபடி ஆஃப் செய்தேன்.

என்னதான் கம்பியில் போகிறது என்று பார்க்க, போய்வரும் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, காட்டும் டிசிபிடம்ப் என்ற கட்டளையை ஓட்டினேன். திரையின் பக்கத்து ஜன்னலில், எதிர்ப்பக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங், அதுவரை செத்துக்கிடந்தது, சட்டென்று ஓட ஆரம்பித்தது. டிசிபிடம்பை நிறுத்தினேன், பிங்கும் நின்றது. மறுபடி ஓட்டினேன், வந்தது. குளிரில் விறைத்த விரலோடு நாலைந்து தடவை இதையே செய்துகொண்டிருந்தேன். பேய் பிடித்ததற்கு மருந்து தெரிந்துவிட்டது, பேய் எதுவென்றுதான் தெரியவில்லை.

டீ போட்டுக் குடித்த பிறகு விளங்கியது. டிசிபிடம்ப் வழக்கமாக கார்டை ப்ராமிஸ்குவஸ் மோடுக்கு மாற்றும். யாருக்கு வந்த பாக்கெட் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கார்டு உள்ளே விடும். அந்த மோடு வேண்டாம் என்று சொல்லும் ‘பி’ ஆப்ஷனோடு ஓட்டிப் பார்த்தேன். மோடம் எல்லோருக்குமாக அனுப்பும் பிராட்காஸ்ட் வருகிறது, எனக்கென்று வரும் பதில் ஒன்றுகூட வரவில்லை. தன் பெயரையே கார்டு மறந்துவிட்டது.

தூங்குவதற்கு முன்னும் பின்னும் ஈத்டூல் என்ற கட்டளையில் கார்டின் ரெஜிஸ்டர்களை, அதாவது அதன் உள் நினைவிடங்களை, எடுத்து ஒப்பிட்டேன். கார்டின் பெயரான மேக் முகவரி இருக்க வேண்டிய ஆறு பைட்டும் பூஜ்யம். ‘ஐபி’ என்ற கட்டளையில் மேக் முகவரி ஒழுங்காகத் தெரிந்தது என்னை ஏமாற்றியிருக்கிறது. அது கெர்னல் தன் நினைவில் வைத்திருக்கும் நகல், கார்டில் இருப்பது அல்ல. வேக் ஆன் லேன் புதிரும் இதோடு அவிழ்ந்தது. எழுப்பும் பாக்கெட்டை அடையாளம் காண வேண்டுமே என்று தூக்கத்திலும் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், அதில் முகவரியும் பிழைத்துக்கொண்டது. டிரைவரை எழுதியவர் அந்த வசதியை ஆன் செய்த கணினியில்தான் சோதித்திருப்பார் என்பது என் ஊகம்.

டிரைவரின் சோர்ஸ் கோடைத் திறந்தால், முகவரியை கார்டில் எழுதும் ஃபங்ஷன், டிரைவர் ஏறும்போது ஓடும் ப்ரோபில் மட்டும் அழைக்கப்பட்டிருந்தது. கார்டு செருகியிருக்கும் பிசிஐ இணைப்பின் கான்ஃபிகரேஷனை கெர்னலே சேமித்துத் திருப்பிக் கொடுத்துவிடும், கார்டின் சொந்த ரெஜிஸ்டர்களை டிரைவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கத்திலிருந்து எழும்போது ஓடும் ரெசியூமில், ரிசீவரை ஆன் செய்யும் வரிக்கு முன்னால் அந்த அழைப்பைச் சேர்த்தேன். ஒரே ஒரு வரி.

குறித்த நேரத்தில் எழுப்பிவிடும் ஆர்டிசிவேக்கில் 20 விநாடி தூக்கம், எழுந்ததும் ஒரு பிங் என்று 50 சுற்று ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஐம்பதும் பாஸ்.

போன வாரம் மார்க்கெட்டில் கேபிள்காரத் தம்பி எதிரே வந்தார். “நெட்டு எப்படி சார் இருக்கு?” “இப்ப நல்லா வருதுப்பா.” “நான்தான் சொன்னேனே சார், மோடத்தை மாத்தினா சரியாயிடும்னு” என்றார். அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.