வெள்ளைக்கல் மாவும் கண்ணாடி வலையும்: பலகை ஊற்றும் வேலை

சேலம் மேக்னசைட் ஜங்ஷனைத் தாண்டும் ரயிலில் உட்கார்ந்து வடக்கே பார்த்தால், சேர்வராயன் மலைக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாகத் தோண்டிப் போட்ட மேடுகள் தெரியும். வெள்ளைக்காரன் அதற்கு சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தான். ஆனால் அது சுண்ணாம்பும் இல்லை, சாக்கும் இல்லை. மக்னீசியம் கார்பனேட், ஊர்ப்பேச்சில் வெள்ளைக்கல். இந்தக் கல்லை 1500 டிகிரிக்கு மேல் சுட்டால் உருக்காலை உலைக்கு உள்பூச்சாகும் செங்கல் சரக்கு கிடைக்கும். 700 முதல் 1000 டிகிரிக்குள் இளஞ்சூட்டில் சுட்டால் கிடைப்பது வேறு: தண்ணீரோடும் உப்போடும் சேரத் துடிக்கும் மக்னீசியா பவுடர். சுத்தமான கல் 100 கிலோ சூளைக்குப் போனால் 52 கிலோ கரிக்காற்றாக (கார்பன் டை ஆக்சைடு) பறந்து 48 கிலோதான் மிஞ்சும். அந்தப் பவுடரும் கண்ணாடி நூல் வலையும் சேர்ந்ததுதான் மக்னீசியம் ஆக்சைடு போர்டு. சீலிங், தடுப்புச்சுவர், தீத்தடுப்புக் கதவு என்று பல இடத்திலும் போகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கிடையாது, தீப்பிடிக்காது, கரையான் தின்னாது.

இந்த வேலையின் கஷ்டம் ஒன்றுதான். கெட்டுப்போன பலகையும் நல்ல பலகையும் முதல் வாரம் ஒரே மாதிரி இருக்கும். தட்டினால் ஒரே சத்தம், தடவினால் ஒரே வழவழப்பு. மூன்று மாதம் கழித்து ஏற்காட்டில் ஏதோ ஒரு காட்டேஜ் சீலிங்கில் தண்ணீர் சொட்டும்போதுதான், ஊற்றிய அன்று என்ன தப்பு நடந்தது என்று தெரியும். அதனால் கவனம் முழுவதும் ஊற்றுகிற அந்த அரைமணி நேரத்திலும் அதற்கு முந்தின நாளிலும் இருக்க வேண்டும்.

பவுடர் மட்டும் இருந்தால் பலகை ஆகாது, அதைக் கட்ட மக்னீசியம் குளோரைடு கரைசல் வேண்டும். 1867-ல் சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த சிமென்ட் இது. போர்ட்லேண்டு சிமென்டைவிடச் சீக்கிரம் இறுகும், காரமும் குறைவு. கண்ணாடி நூலுக்கு அது பெரிய நிம்மதி. சாதா சிமென்டுக்குள் சாதாக் கண்ணாடி வலையை வைத்தால் காரம் நூலை அரித்துவிடும். இந்தக் கலவையில் காரம் 10 பி.எச். அளவோடு நின்றுவிடுவதால் வலை தாங்குகிறது. இந்தக் குளோரைடு உப்பு, உப்பளத்தில் சோற்றுப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரிலிருந்து வருவது. செதில் செதிலாக மூட்டையில் வரும். அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். உண்மையான குளோரைடு 46, 47 சதவீதம்.

கணக்கு மூட்டைக்கு மூட்டை மாறும் என்பதைப் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. "100 கிலோ பவுடருக்கு எவ்வளவு உப்புங்கண்ணா?" என்று கேட்பார்கள். பதில் பவுடரின் உயிரை, அதாவது அதில் உப்போடு சேரும் சக்தி எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது. ஒரு மாதம் மழைக்காலத்தில் குடோனில் கிடந்த பவுடர் காற்றிலிருந்து ஈரத்தையும் கரிக்காற்றையும் குடித்துப் பாதி தூங்கியிருக்கும். பார்வைக்கு அதே வெள்ளை, மூட்டைமேல் எழுதியிருப்பதும் அதே 50 கிலோ.

உயிர் பார்க்கிற சோதனைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். துல்லியமான தராசும் சூட்டடுப்பும் (oven) போதும். பவுடர் 2 கிராம் எடுத்து, 20 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு 110 டிகிரியில் காயவைத்து, கடைசியில் 150 டிகிரிக்கு ஏற்றி, எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து நிறுக்க வேண்டும். கூடின எடையை, முதலில் எடுத்த எடையோடு 0.45-ஐப் பெருக்கி வருவதால் வகுத்தால் உயிருள்ள மக்னீசியா கிடைக்கும். 2 கிராம் 2.585 ஆனால், 0.585-ஐ 0.9-ஆல் வகுக்க 65 சதவீதம். நல்ல சரக்கு.

65 சதவீதப் பவுடர் 100 கிலோவுக்கு உப்பு 47 கிலோ, தண்ணீர் 46 லிட்டர். இந்த உப்பும் தண்ணீரும் சேர்ந்த கரைசல், அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் 25 டிகிரி போமே (அடர்த்தி அளவு) காட்டும். மூலக்கூறு கணக்கில் சொன்னால் மக்னீசியா 7, குளோரைடு 1. இறுகும்போது உண்டாகும் பளிங்குக்கு 5-க்கு 1 போதும். ஆனாலும் மக்னீசியா மிஞ்ச வேண்டும், உப்பு மிஞ்சவே கூடாது. அதற்காகத்தான் 7. இதே 47 கிலோவை 55 சதவீதப் பவுடரில் போட்டால் விகிதம் 6-க்குக் கீழே இறங்கிவிடும். கையால் கலக்கும் கலவையில் ஒரு மூலை இப்படி, ஒரு மூலை அப்படி என்றுதான் இருக்கும். 6-க்குக் கீழே வந்தால் எங்கோ ஓர் இடத்தில் உப்பு தனியாக நின்றுவிடும். அந்தப் பவுடருக்கு உப்பு 40 கிலோவோடு நிறுத்த வேண்டும்.

தனியாக நின்ற உப்பு என்ன செய்யும்? மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வறண்ட சித்திரை மத்தியானத்தில் சேலம் டவுனில் அது சும்மா கிடக்கும். அதே பலகை ஏற்காட்டுக்கு, 1500 மீட்டர் உயரத்துக்கு, ஐப்பசி மூடுபனிக்குப் போனால் முத்து முத்தாக வியர்க்கும். சொட்டுவது வெறும் தண்ணீர் அல்ல, உப்புநீர். திருகாணி, தகடு, கம்பி எல்லாவற்றையும் அரிக்கும். டென்மார்க்கில் 2010-க்குப் பிறகு சில வருடம் இந்தப் பலகையை ஏராளமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குள் காற்றுத் தடுப்பாக வைத்தார்கள். ஈரக் குளிர்காலத்தில் பலகை அழுதது. உள்ளே இருந்த இரும்பு துருப்பிடித்தது, மரம் ஊறியது, கழற்றி மாற்ற வேண்டி வந்தது. ஆகவே மலைக்குப் போகிற சரக்கு என்று தெரிந்தால் குளோரைடை விட்டுவிட்டு மக்னீசியம் சல்பேட்டில் ஊற்றுவதுதான் நியாயம். விலை கூடும், இறுகவும் நேரம் எடுக்கும். அப்படியும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

உப்புக் கரைசலை முந்தின நாளே போட்டுவைக்க வேண்டும். அழுக்கு அடியில் படியும், கரைசல் ஆறும். மறுநாள் காலை போமே பார்த்துச் சரிசெய்து, பவுடர் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் பாஸ்பாரிக் ஆசிட் சேர்த்தால் பலகை தண்ணீரில் அதிகம் இளகாது. பிறகு மிக்சரில் கரைசல் முதலில், பவுடர் அடுத்து. கட்டியில்லாமல் ஆனதும் மரத்தூள் 12 கிலோ, பெர்லைட் (சூட்டில் பொரித்த லேசான கல் துகள்) 5 கிலோ. பெர்லைட் கடைசியில்தான். முன்னால் போட்டால் மிக்சர் இறக்கை அதை நொறுக்கிவிடும், எடை குறைக்க வந்தது மணலாகிப் போகும்.

மரத்தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக் அறுத்த தூள் மென்மையானது, சல்லடையில் சலித்தால் நன்றாக ஓடும். ஆனால் மில்லிலிருந்து நேராக வரும் தூளில் 30 சதவீதம் ஈரம் இருக்கும். 12 கிலோ தூளில் 3.6 லிட்டர் தண்ணீர். நாம் 46 லிட்டர் என்று பார்த்துப் பார்த்து ஊற்றினதில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு அளவு கணக்கில்லாமல் உள்ளே போய்விடும். கலவை இளகும், பலகை காயும்போது அதிகம் சுருங்கும். தூளைத் தார்ப்பாயில் இரண்டு நாள் வெயில் காட்டி, கையில் பிடித்தால் உருண்டை பிடிக்காத பதத்தில் மூட்டை கட்ட வேண்டும்.

இந்த அளவுக்கு மொத்தக் கலவை 210 கிலோ வரும். 8 அடிக்கு 4 அடி, 6 மி.மீ. பலகை காய்ந்தபின் 18 கிலோ. ஈரத்தில் 23 கிலோ பிடிக்கும். ஆக ஒரு கலவைக்கு ஒன்பது பலகை. தை மாதத்தில் ஒன்பதும் நிதானமாக ஊற்றலாம், 40 நிமிடம் கலவை கைக்கு அடங்கும். ஏப்ரல் வந்தால் 20 நிமிடத்தில் மிக்சரிலேயே கெட்டியாகத் தொடங்கும். அப்போது தண்ணீர் விட்டு இளக்குவது பெருந்தப்பு. கரைசல் போமே இறங்கிவிடும், உண்டாக வேண்டிய பளிங்கு உண்டாகாது. கோடையில் பாதிக் கலவையாகப் போட வேண்டும், அல்லது விடியற்காலை நான்கு மணிக்கு மிக்சரை ஓட்ட வேண்டும்.

இனி வலை. இளம்பிள்ளைப் பக்கம் தறி ஓட்டினவர் யாராவது ஷெட்டில் இருந்தால் வலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள், இரண்டு விரலால் நிமிண்டியே சொல்லிவிடுவார். சாதா நெசவில் பாவு (நீளவாட்டு நூல்) மேலும் கீழுமாக ஊடையை (குறுக்கு நூல்) தாண்டும். இது லெனோ நெசவு. பாவு நூல் இரண்டு இரண்டாக முறுக்கிக்கொண்டு நடுவில் ஊடையைக் கவ்விப் பிடிக்கும். அதனால்தான் 5 மி.மீ. கட்டம் விட்டு நெய்தும் நூல் நகராமல் நிற்கிறது. கட்டம் அவ்வளவு பெரிதாக ஏன்? கலவை கட்டத்தின் வழியாக இறங்கி மறுபக்கக் கலவையோடு கைகோக்க வேண்டும். நெருக்கமாக நெய்த துணியை வைத்தால் அது இரண்டு அடுக்கையும் பிரிக்கும் திரையாகிவிடும்.

தட்டு, அதாவது பலகை உருவாகும் பிளாஸ்டிக் ஷீட், சோப்பு எண்ணெய் தடவி மேசையில் கிடக்கும். அதன்மேல் நெய்யாத மெல்லிய நான்-ஓவன் துணி. அதன்மேல் மரத்தூள் இல்லாத மேல்பூச்சுக் கலவை ஒரு மில்லிமீட்டர். பிறகு முதல் வலை. இந்த இடத்தில்தான் பாதிப் பலகைகள் கெடுகின்றன. வலை ரோலில் சுருண்டிருந்ததால் ஓரம் தூக்கும். தூக்குகிற பக்கம் கீழே வரும்படி திருப்பிப் போட வேண்டும். ஓரம் தூக்கினால் உடனே ஒருவர் ஒரு மூலையைப் பிடித்து இழுப்பார். "இழுக்காதீங்க, தட்டி விடுங்க" என்று ஒரு நாளைக்குப் பத்துமுறை சொல்ல வேண்டியிருக்கும். மூலையைப் பிடித்து இழுத்தால் சதுரக் கட்டம் சாய்சதுரமாகும். பாவும் ஊடையும் நேராக நின்று தாங்க வேண்டிய பலம் கோணலாகப் போகும். அந்தப் பலகை பிறகு ஒரு மூலை தூக்கித் திருகிக்கொள்ளும்.

வலை படுத்ததும் ரோலர். வெள்ளை நூல் ஒவ்வொன்றும் நனைந்து சாம்பல் நிறமாகிக் கண்ணுக்கு மறைய வேண்டும். எங்காவது நூல் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே கலவை நூலுக்குள் போகவில்லை, காற்று நிற்கிறது. ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினால் காற்று நடுவில் சிறைப்படும்.

அதற்குமேல் மரத்தூள் கலவை, பிறகு இரண்டாவது வலை, மறுபடி ஒரு மில்லிமீட்டர் மேல்பூச்சு, கடைசித் துணி, கனமான ரோலர். இரண்டு வலையும் இரண்டு முகத்துக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். பலகை வளையும்போது இழுபடுவது முகம்தான், நடு வயிறு சும்மா கிடக்கும். செலவு மிச்சம் என்று ஒற்றை வலையை நடுவில் வைப்பவர்கள், வலை இல்லாத பலகையைத்தான் விற்கிறார்கள். ஒரு பக்கம் கனத்த வலை, மறுபக்கம் மெல்லிய வலை என்று கலந்தாலும் காயும்போது பலகை வில்லாக வளையும்.

ஊற்றிய தட்டுகளை ரேக்கில் இடைவெளி விட்டு ஏற்ற வேண்டும். இறுகும்போது சூடு கிளம்பும். ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினால் நடுவில் கை வைக்க முடியாத சூடாகி, தண்ணீர் ஆவியாகிப் பலகைக்குள் மயிரிழை விரிசல் விழும். 25 முதல் 35 டிகிரிக்குள் 24 மணி நேரம். பிறகு தட்டிலிருந்து உரித்து, நிழலில் ஒரு வாரமாவது நிற்க வேண்டும். வெயிலில் சாய்த்து வைத்தால் ஒரு முகம் மட்டும் காய்ந்து வளைந்துவிடும், அதைத் திரும்ப நிமிர்த்த வழியில்லை.

கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் இந்த வேலைக்கு யாரையும் விடக்கூடாது. உப்புக் கரைசல் விரலை வெடிக்க வைக்கும், வலை வெட்டும் இடத்தில் கண்ணாடித் துகள் முழங்கையில் ஏறி இரவெல்லாம் அரிக்கும். அறுக்கும் இடத்தில் முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் கட்டாயம்.

சோதனைகளில் எங்களுக்கு மிகவும் உதவுவது மூன்று. ஏழாம் நாள் ஒரு மூலையில் கத்திமுனையால் வலையைக் கிளப்ப வேண்டும். நூல் சுத்தமாக வெள்ளையாக உரிந்து வந்தால் அன்று நனையவில்லை. கலவையைப் பிய்த்துக்கொண்டு வந்தால் சரி. இரண்டாவது, துண்டு ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, அந்த நீரில் சில்வர் நைட்ரேட் சில துளி. கெட்டியாகத் தயிர்போல வெள்ளை இறங்கினால் உப்பு மிஞ்சியிருக்கிறது. லேசான கலங்கல் எப்போதும் வரும், நல்ல பலகையின் கலங்கலோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். குழாய்த் தண்ணீரில் செய்யக்கூடாது, அதிலேயே குளோரைடு இருக்கும். மூன்றாவது, மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம்மின் அடியில் தண்ணீர் ஊற்றி, மேலே துண்டைக் கட்டித் தொங்கவிடுவது. ஒரு வாரம் ஏற்காட்டு மூடுபனிக்குள் வைத்ததுபோலத்தான். முகத்தில் முத்து கோத்தால் அந்தக் கலவையில் ஊற்றிய எல்லாப் பலகையையும் வெளியே அனுப்பாமல் நிறுத்திவைக்க வேண்டும்.

எல்லாப் பலகையும் எவை என்று தெரிய வேண்டுமே? அதற்கு, உரித்ததும் ஒவ்வொரு பலகையின் முதுகிலும் தச்சர் பென்சிலால் கலவை எண், தேதி, பவுடரின் சதவீதம், போமே ஆகிய நான்கையும் எழுத வேண்டும். மார்க்கர் வேண்டாம், மேலே பூசும் பெயிண்டில் ஊறித் தெரியும். மாட்டுகிற ஆளிடம் துருப்பிடிக்காத ஸ்டீல் திருகாணியையும் எண்ணிக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். சீட்டில் எழுதிக் கொடுத்தால் கடையில் கிடைக்கிற கறுப்புத் திருகாணியோடுதான் மலை ஏறுவார்.